கம்பளி நூலும் கைப்பரிசும்

நோர்வேயில் வாழும் நம்மவர் பலரின் வீட்டு அலுமாரியில் கையாற் பின்னிய கம்பளி உடுப்பு ஒன்றேனும் இருக்கக் காணலாம். அயல் வீட்டு மூதாட்டி குழந்தைக்கெனப் பின்னித் தந்த தொப்பியாக அது இருக்கலாம். தொழிலிடத்தில் உடன் பணிபுரிந்த ஒருவர் நத்தாருக்குக் கொடுத்த கையுறையாகவோ, பிள்ளையின் நண்பனுடைய பாட்டியார் அனுப்பிய காலுறையாகவோ இருக்கலாம். நாமும் நன்றி கூறி வாங்கிக்கொள்கிறோம். ஆயினும், இப்பரிசைத் தருபவர் உண்மையில் எதனைத் தருகிறார், பெறுபவர் அதனை எவ்வாறு பேணவேண்டும் என்பவை நம்மிற் பலருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. அத்தெளிவின்மையால் நல்ல அயலவரிடையே மனத்தாங்கல் ஏற்பட்டதும் உண்டு. ஆகவே, கம்பளிப் பின்னல் பற்றிய சில செய்திகளை மாணவர்க்கும் பெற்றோர்க்கும் பொதுவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் பின்னல் என்பது யாது எனப் பார்ப்போம். நெசவுத் துணியில் நெடுக்காக ஓடும் பாவு நூலும் குறுக்காக ஓடும் ஊடை நூலும் எனப் பல நூல்கள் உள. பின்னலிலோ தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே நூல்தான். ஊசியின்மேல் நூலால் ஒரு வளையம் இடுகிறோம். அவ்வளையத்தினூடாக மற்றொரு வளையத்தை இழுத்து எடுக்கிறோம். அதனூடாக இன்னொன்று. இவ்வாறு வளையம் வளையத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதே பின்னல் ஆகும். அதனாலேயே பின்னிய உடுப்பு இழுத்தால் விரிந்து, விட்டால் சுருங்கி உடம்போடு பொருந்துகிறது. அதனாலேயே ஒரு வளையம் ஊசியிலிருந்து நழுவினால் அதன் கீழுள்ள வளையங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்ந்து ஏணி போல இறங்கிவிடுகின்றன. வளையத்தை முன்புறமாக இழுத்தால் நோர்வேஜிய மொழியில் அதனை 'றெத்' என்பர். பின்புறமாக இழுத்தால் 'வ்றங்' என்பர். உலகிலுள்ள பின்னற் கோலங்களிற் பெரும்பகுதி இவ்விரண்டையும் மாற்றி மாற்றி வைப்பதனால் உண்டாவதே.

இவ்வளையத்திற்கு நம் மொழியில் நல்லதொரு சொல் ஆயத்தமாக இருக்கிறது. அது கண்ணி. மீன்பிடி வலையின் ஒவ்வொரு துளையையும் நம் கடற்கரையூர்களிற் கண்ணி என்றே வழங்குவர். வலைக்கண்ணி முடிச்சிட்டு ஆவது, கம்பளிக்கண்ணி முடிச்சின்றி ஆவது என்பதே வேறுபாடு. யாழ்ப்பாணத்திலும் முல்லைத்தீவிலும் வலை பின்னியோரும் பொத்தியோரும் பெரும்பாலும் ஆண்களே. மாலை வேளைகளில் வாடி ஓரத்தில் அமர்ந்து, பேச்சு ஒருபுறம் நடக்க, கண் பாராமலே கை கண்ணி கோத்துக்கொண்டிருக்கும் காட்சியை எம்மிற் பலர் கண்டிருக்கிறோம். இதனை நான் இங்கே எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளிற் கலையும் கைவினையும் என்ற பாடத்தில் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஒருங்கே பின்னற் பழகுகின்றனர். பையன் ஒருவன் பின்னூசியோடு வீட்டுக்கு வந்ததும், "இது பெட்டையளின்ரை வேலையல்லோ" என்று சிரிக்கும் தந்தையர் நம்மிடையே இன்னும் உளர். அவர்களுள் சிலரின் சொந்தத் தகப்பனார் வாழ்நாள் முழுவதும் வலை பின்னியவராக இருப்பதே விந்தை! இந்நாட்டில் பின்னற் கலையால் இன்று பெரிதும் அறியப்பட்டோருள் ஆர்னெ, கார்லோஸ் என்னும் இரு ஆடவர் அடங்குவர். நத்தார் மரத்தில் தொங்கவிடும் 55 பின்னற் பந்துகளைப் பற்றி 2010 இல் அவர்கள் எழுதிய நூல் வெளிநாடுகளிலும் பரவியது.

நோர்வேஜியப் பின்னலின் கதையிற் சிறப்பிடம் பெறுவது செல்பூ என்னும் ஊர். அது துரொன்ஹெய்ம் நகரின் தென்கிழக்கே உள்ளது. 1857 ஆம் ஆண்டளவில் அவ்வூர்ப் பண்ணையொன்றிற் பால் கறக்கும் வேலை செய்துவந்த மாறித் குல்சேத் என்னும் பதின்மவயதுப் பெண், வெள்ளையும் கறுப்புமாகிய இரு நூல்களால் எட்டிதழ்ப் பூப் பதித்த கையுறைகளைப் பின்னினாள். அவற்றை அணிந்து தன் சகோதரிகளுடன் தேவாலயம் சென்றபோது ஊரார் கண்ணெல்லாம் அக்கைகளின் மேலேயே இருந்ததாகச் சொல்லப்படுகிறது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஊர் முழுவதும் அப்பூவைப் பின்னத் தொடங்கியது. எட்டிதழ்ப் பூ உலகின் பல நாடுகளிலும் முன்பே இருந்த வடிவந்தான். ஆயினும் இந்நாட்டில் இன்று அதற்குச் செல்பூ ரோசா என்றே பெயர். சதுரக் கோட்டுத் தாளிற் கட்டம் எண்ணி வரைந்து, கண்ணி எண்ணிப் பின்னப்படுவது அது. புள்ளி எண்ணிக் கோலம் இடும் நம் தாய்மாருக்கு அதன் கணக்கை விளக்கவேண்டியதில்லை.

இக்கட்டுரைக்கு வேண்டிய செய்தி யாதெனில், அக்கையுறைகள் பரிசாகவே வளர்ந்தன என்பதாகும். செல்பூவில் திருமணம் என்றால் விருந்தினருக்குக் கையாற் பின்னிய கையுறைகளையும் காலுறைகளையும் மணப்பெண் பரிசளிப்பது வழக்கமாயிருந்தது. ஒரு பெண் திருமண வயதை எய்துமுன்னரே அவளது பெட்டியிற் கையுறைகள் சேரத் தொடங்கிவிடும். விற்பனைக்கென அவற்றைப் பின்னியது பின்னர்தான். வறிய குடும்பங்களுக்கு அது நல்லதொரு வருவாயாக அமைந்தது.

இரு நிற நூல்களைக் கொண்டு பின்னுவதில் அழகு மட்டுமன்றி அறிவும் உண்டு. ஒரு வரிசையில் வெள்ளைக் கண்ணி வரும்போது கறுப்பு நூல் பின்புறமாக ஓடுகிறது. கறுப்புக் கண்ணி வரும்போது வெள்ளை நூல் ஓடுகிறது. ஆகவே உடுப்பின் உட்புறத்தில் இரண்டாவது படை ஒன்று தானாகவே உண்டாகி, இடையிற் காற்றை அடைத்து வைத்துக்கொள்கிறது. குளிரைத் தடுப்பது அக்காற்றேயாகும். பின்னால் ஓடும் நூல் நீளமாக இருந்தால் விரல் மாட்டிக்கொள்ளும். அதனாற்றான் நல்ல கோலங்களில் ஒரே நிறம் பல கண்ணிகளுக்குத் தொடர்ந்து வருவதில்லை. தென் நோர்வேயிலுள்ள செத்தெஸ்டால் பள்ளத்தாக்கின் புகழ்பெற்ற மேலங்கியைப் பாருங்கள். கறுப்பு நிலத்தில் வெள்ளைக் கண்ணிகள் ஒற்றை ஒற்றையாகச் சிதறிக் கிடக்கும். அதற்கு அவ்வூரார் வைத்த பெயர் 'லூசெகொப்த'. தமிழிற் சொல்வதானால் பேன் சட்டை! வகுப்பில் இதனைச் சொன்னபோது மாணவர் தலையைச் சொறிந்து சிரித்தனர். அந்தப் பேன்களே சட்டையை மேலும் சூடாக்குகின்றன.

அச்சட்டையின் கோலங்களைத் தழுவி ஊன் சோய்லான் என்னும் பெண்மணி அமைத்த வடிவமே மாரியுஸ் சுவெற்றர். 1953 இல் ஒரு நூல் ஆலை அதன் பின்னல் முறையைத் தாளாக அச்சிட்டு வெளியிட்டது. போர் விமானியாகவும் பனிச்சறுக்கு வீரராகவும் விளங்கிய மாரியுஸ் எரிக்சனின் பெயரே அதற்கு அமைந்தது. நீலம், வெள்ளை, சிவப்பு என இந்நாட்டுக் கொடியின் நிறங்களில் வரும் அச்சுவெற்றரை அறியாத மாணவர் எம் பள்ளியில் இரார். இன்னொரு செய்தி: இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியப் படைகள் இந்நாட்டை ஆண்ட காலத்தில், பின்னிய சிவப்புத் தொப்பி அணிவதை மக்கள் எதிர்ப்பின் அடையாளமாகக் கொண்டனர். 1942 பெப்ரவரியில் பொலிசார் அதனைத் தடைசெய்து அறிவித்தல் ஒட்டினர். ஒரு தொப்பிக்கு அஞ்சும் ஆட்சி எத்தகையது என்பதை எம் போன்றோர்க்கு விரித்துரைக்கத் தேவையில்லை.

இனிப் பரிசுக்கு வருவோம். கடையில் வாங்கும் உடுப்புக்கு அளவு ஓர் எண்தான். கையாற் பின்னுபவருக்கு அது போதாது. அவர் ஆளை அறியவேண்டும். கணக்குப் பாடம் கற்பித்தவன் என்பதால் ஓர் உதாரணம் தருகிறேன். மாணவர் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்க. உங்கள் தம்பிக்குத் தொப்பி ஒன்று பின்ன விரும்புகிறீர்கள். அவன் தலையின் சுற்றளவு 52 சென்ரிமீற்றர். பின்னல் விரிந்துகொடுக்குமாதலால், தொப்பி 46 சென்ரிமீற்றர் இருந்தாற் போதும். நூலுருண்டையைச் சுற்றியுள்ள தாளில் 10 சென்ரிமீற்றருக்கு 22 கண்ணி என்று அச்சிட்டிருக்கும். ஆகவே 4.6 ஐ 22 ஆற் பெருக்க 101.2 வரும். விளிம்பில் இரண்டு றெத், இரண்டு வ்றங் என மாறி மாறி வரவேண்டுமாதலால் எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். எனவே 100 கண்ணி எனத் தொடங்கலாம்.

ஆனால் எல்லார் கையும் ஒன்றல்ல. நூலை இறுக்கிப் பிடிப்பவர் அதே ஊசியில் 10 சென்ரிமீற்றருக்கு 25 கண்ணி பின்னிவிடுவார். அவரது 100 கண்ணியும் சேர்ந்து 40 சென்ரிமீற்றர்தான் வரும். தொப்பி தலையிலே ஏறாது. தளர்வாகப் பின்னுபவர் 20 கண்ணியே பின்னுவார். அவரது தொப்பி 50 சென்ரிமீற்றராகித் தம்பியின் கண்ணை மறைக்கும். ஆதலால் உடுப்பைத் தொடங்குமுன் உள்ளங்கையளவு துண்டு ஒன்றைப் பின்னி, அடிமட்டம் வைத்து அளந்து பார்த்தல் வேண்டும். பொறுமையற்றோர் தவிர்க்க விரும்புவதும், தவிர்த்தோர் பின்னர் முழுவதையும் அவிழ்க்க நேர்வதும் இந்தத் துண்டினாலேயே.

இன்னும் ஒரு கணக்கு. 100 கண்ணி கொண்ட தொப்பிக்கு ஏறத்தாழ 60 சுற்றுப் பின்னவேண்டும். உச்சியிற் கண்ணிகள் குறைந்து செல்வதை விட்டுவிட்டுப் பார்த்தால் 6000 கண்ணி. கைபழகியவர் ஒரு கண்ணிக்கு மூன்று செக்கன் எடுக்கிறார் எனக் கொண்டால் 18000 செக்கன். அதாவது ஐந்து மணித்தியாலம். மாணவர்க்கு அதனிலும் இருமடங்கு ஆகலாம். வளர்ந்தவர் ஒருவரின் சுவெற்றரில் ஐம்பதாயிரத்திற்கு மேற்பட்ட கண்ணிகள் இருக்கும். வேலையும் வீடுமாக உள்ள ஒருவருக்கு அது ஒரு முழுக் குளிர்கால மாலைகளின் வேலை.

2010 ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் நான் இந்நாட்டின் அகதிகள் வரவேற்பு நிலையம் ஒன்றிலே தங்கியிருந்தேன். வந்த நாட்களில் என் பத்து விரல்களையும் கண்ணாடியின் மேல் அழுத்தி அடையாளம் எடுத்திருந்தனர். சில கிழமைகளின் பின், அந்நிலையத்திற்குத் தொண்டராக வந்துபோன முதிய பெண்மணி ஒருவர், என் கையை ஒரு வெள்ளைத் தாளின்மேல் விரித்து வைக்கச் சொல்லி, பென்சிலால் அதனைச் சுற்றிக் கோடு வரைந்தார். இதுவும் ஒரு பதிவு என்றே நான் எண்ணினேன். பத்து நாள் கழித்துச் சாம்பல் நிறக் கையுறைச் சோடி ஒன்றைக் கொணர்ந்து தந்தார். பெருவிரல் சரியான இடத்தில் இருந்தது. இந்நாட்டில் எனக்கென்று அளந்து செய்யப்பட்ட முதற் பொருள் அது. அதனைப் பெற்றுக்கொண்டபோது அவரது மொழியிற் சொல்ல எனக்குத் தெரிந்த சொல் 'தக்' ஒன்றே.

நம்மவர் விழாக்களிற் காசை உறையில் இட்டுக் கொடுப்பதை நான் குறைகூற வரவில்லை. மண்டபத்திற்கும் உணவிற்கும் செலவு செய்த குடும்பத்துக்கு அது கைகொடுக்கிறது. கொப்பியில் எழுதி வைத்துத் திருப்பிச் செய்வதும் ஒரு முறையான உறவே. ஆயினும் அவ்வழக்கத்தில் ஊறிய நாம், பின்னற் பரிசையும் அதே தராசில் வைத்து நிறுக்கிறோம். "நூல் என்ன, இருநூறு குரோனர் வருமோ?" என்று கேட்ட குரலை நான் கேட்டிருக்கிறேன். அவ்வாறு விலை பேசுபவர் முன்னைய கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

குழந்தைப் பேற்றை ஒட்டி வரும் பரிசைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். மருத்துவமனையிலிருந்து குழந்தையை முதன்முதல் வீட்டுக்குக் கொண்டுவரும் நாளுக்கென மேற்சட்டை, காற்சட்டை, தொப்பி, காலுறை எல்லாம் ஒரே நூலிற் பின்னி வைப்பது இந்நாட்டு வழக்கம். 'யெம்ரைசெசெத்' என்று அதனைக் கூறுவர். பாட்டிமார் அதனைக் குழந்தை பிறக்குமுன்னரே முடித்துவிடுவர். தாய் தொலைவில் இருக்க இங்கே தனித்துப் பிள்ளை பெறும் நம் பெண்களுக்கு, உடன் பணிபுரிவோரும் அயலவரும் அப்பாட்டியின் இடத்தில் நின்று பின்னிக் கொடுத்த சம்பவங்கள் பல. நம்மவருக்கோ, பிறக்குமுன் குழந்தைக்கு உடுப்புச் சேர்ப்பது ஆகாது என்ற எண்ணம் உண்டு. ஆகவே எட்டாம் மாதத்தில் அப்பொதியைக் கண்டதும் முகம் மாறுகிறது. கொடுத்தவருக்கோ காரணம் விளங்குவதில்லை. தன் கைவேலை பிடிக்கவில்லைப் போலும் என வருந்துகிறார். மறுக்கவும் வேண்டாம், மனத்துக்கு ஒவ்வாததைச் செய்யவும் வேண்டாம். "எங்கள் வழக்கப்படி பிள்ளை பிறந்த பின்னரே பிரிப்போம்" என்று சொன்னாற் போதும். இந்நாட்டார் பிறர் வழக்கத்தைக் கேட்டறிவதில் ஆர்வம் உள்ளவர்கள். பிறந்தபின் அவ்வுடுப்பைக் குழந்தைக்கு அணிவித்துப் படம் ஒன்று எடுத்துக் கொடுத்தால், பின்னியவருக்கு அதனினும் பெரிய கைம்மாறு இல்லை.

இனி மனத்தாங்கலின் பெருங்காரணத்துக்கு வருவோம். அது சலவை இயந்திரம். கம்பளி மயிரைப் பெருக்கிக் காட்டும் கண்ணாடியிற் பார்த்தால் மீன் செதில் போன்ற அடுக்குகள் தெரியும். வெந்நீரும் சவர்க்காரமும் சேர்ந்து, இயந்திரமும் உருட்டும்போது, அச்செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன, பின்னர் விடுவதில்லை. 60 பாகையிற் போட்ட சுவெற்றர் பொம்மைச் சட்டையாகித் தடித்து வெளிவரும். அதனைத் திருப்பிச் சரிசெய்ய வழியில்லை. இவ்வியல்பையே பயனாக்கிக்கொண்டோரும் உளர். வட கடலிலே தொழில்செய்த மீனவருக்குக் கையுறைகளை மிகப் பெரிதாகப் பின்னி, வெந்நீரில் அடித்துத் தேய்த்துச் சுருக்கிக் கொடுப்பது இக்கரையோர மக்களின் வழமை. அவ்வாறு இறுகிய கையுறை நனைந்தபோதும் சூட்டைக் காத்தது. தன் எடையில் ஏறத்தாழ 30 வீதம் ஈரத்தை உள்வாங்கியும் கம்பளி தொடுகைக்கு ஈரமாகத் தோன்றுவதில்லை என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது.

ஆகவே பரிசாக வந்த கம்பளியை அடிக்கடி கழுவவேண்டியதில்லை. வெளியிலே காற்றாட விட்டாற் பெரும்பாலும் போதும். கழுவ நேர்ந்தால் இளஞ்சூட்டு நீரில் கையாற் பிசையாமல் அமிழ்த்தி எடுக்கலாம். அல்லது இயந்திரத்தில் கம்பளிக்கென உள்ள 30 பாகை முறையைத் தெரிவுசெய்யலாம். சாதாரணச் சலவைத் தூள் பலவற்றிற் புரதத்தைக் கரைக்கும் நொதியங்கள் உள்ளன. கம்பளியும் புரதமே ஆதலால் அத்தூள் இதற்கு ஆகாது. கம்பளிக்கென விற்கும் திரவத்தின் பெயர் மீலோ. ஊரிலே மைலோ என்றால் பாலிற் கலக்கிக் குடிப்பது. இங்கே அதே எழுத்துகள் சலவைப் பகுதியில் நிற்கும். புதிதாக வந்திருக்கும் உறவினரைக் கடைக்கு அனுப்பும் பெற்றோர் இதனைச் சொல்லி அனுப்புவது உத்தமம்! நனைந்த உடுப்பைக் கொடியிற் தொங்கவிட்டால் தன் பாரத்தாலேயே நீண்டுவிடும். துவாய் ஒன்றின்மேல் கிடையாகப் பரப்பி உலர விடவேண்டும்.

மாணவர்கள் தாமே பின்னிக் கொடுக்க விரும்பினால் எங்கே தொடங்குவது? கழுத்துச் சுற்றியே எளிது எனப் பலரும் சொல்வர். நான் அதனோடு உடன்படேன். ஒன்றரை மீற்றர் நீளம் ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பப் பின்னுவதற்குள் பத்து வயதுப் பிள்ளைக்கு அலுத்துவிடும். பாதியில் விட்ட கழுத்துச் சுற்றிகள் வீடுதோறும் கிடக்கின்றன. நெற்றிப்பட்டி ஒன்று நான்கு மாலைகளில் முடியும். முடித்தோம் என்ற மகிழ்ச்சியும் கிடைக்கும். யாழ்ப்பாணத்திலுள்ள அம்மம்மாவுக்குக் கம்பளி வேண்டாம். அவர் அதனைப் பெருமையோடு பெட்டியிலே பூட்டி வைப்பாரேயன்றி உடுத்த முடியாது. அவருக்குப் பருத்தி நூலில் அடுப்படிக்கு வேண்டிய பிடிதுணிச் சோடி ஒன்றைப் பின்னி அனுப்புங்கள். சூட்டுச் சட்டியை இறக்கும்போதெல்லாம் உங்கள் நினைவு வரும். செயற்கை இழை நூலிற் பின்னினால் சூட்டில் உருகிவிடும். ஆகவே தாளிலுள்ள விபரத்தைப் படித்து, முழுப் பருத்தி என உறுதிசெய்து வாங்குக. நுவரெலியாவில் உறவினர் உள்ளோர் மட்டும் கம்பளியே அனுப்பலாம்.

பரிசை முடிக்கும் முறையும் ஒன்று உண்டு. கடைசிக் கண்ணியை அடைத்தபின், தொங்கும் நூல் நுனிகளைத் தடித்த ஊசியிற் கோத்து உட்புறத்தில் மறைத்துத் தைக்கவேண்டும். முடிச்சிட்டு வெட்டினால் ஒருநாள் அவிழும். மிஞ்சிய நூலை எறிந்துவிடாது சிறு உருண்டையாகச் சுற்றி, நூல்தாளையும் அதனோடு சேர்த்து, பரிசுப் பொதிக்குள்ளேயே வைத்துக் கொடுங்கள். கழுவும் முறை அத்தாளில் இருக்கும். நாளை முழங்கையோ பெருவிரல் நுனியோ தேய்ந்து ஓட்டை விழுந்தால், அதே நிறத்தில் கண்ணி எடுத்துப் பொத்துவதற்கு அந்நூல் உதவும்.